கரை தெரியாத கடலில் ஒரு முழு இரவு

தொண்டைமானாறு எண்டு சொன்னவுடன எங்கட வயசுக்காரருக்கு முதலில் ஞாபகம் வாறது சோதினைதான். வடக்கில் உயர்தரம் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கோ. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள் எண்டால் வயிற்றுக்குள்ள ஒரு புளி கரையும். அந்தப் பேப்பரில் ஐம்பது எடுத்தவன் உண்மைச் சோதினையில் தப்புவான் எண்டு ரியூசன் வாசலில் ஒரு கணக்கு இருக்கும். ஊரைக் கண்ணால் காணாத முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஊரின் பெயர் தெரியும், பேப்பரின் தலைப்பில் பார்த்தபடியால்.

பெரிய ஆக்களைக் கேட்டால் செல்வச்சந்நிதி எண்டுவினம். அன்னதானக் கந்தன், ஆற்றங்கரை, வேல். ஒவ்வொரு வருசமும் கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார் கூட்டம் புறப்படுகிற வாசல் அது. வடக்குக் கரையில் வெளிக்கிட்டு, கிழக்குக் கரை நெடுக நடந்து, தெற்கில் காட்டுக்குள்ளால் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும்.

ஒருத்தரும் சொல்லாத மூன்றாவது பெயர் ஒன்று இருக்கு. முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. தொண்டைமானாற்றுக்காரர். 1954 மார்ச் கடைசியில் வல்வெட்டித்துறைக் கடலில் இறங்கி, ஏறக்குறைய 27 மணித்தியாலம் நீந்தி, இந்தியாவின் கோடிக்கரையில் ஏறியவர். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதராகப் பதிவானவர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

இந்தப் பெயர் எனக்குத் தெரியவந்த நேரத்தையும் சொல்லவேணும். முதல் தரம் உயர்தரம் எடுத்துப் பெறுபேறு வந்து, அது சொல்லிக்கொள்ளுற மாதிரி இல்லாமல், வீட்டில் ஒருத்தரும் ஒண்டும் பேசாமல் இருந்த கிழமை அது. பேசியிருந்தால் பரவாயில்லைப் போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லைவெளியால் வந்து தொண்டைமானாற்றுப் பாலத்தில் நிண்டன். கையில் போன். அதில் ஆரோ அனுப்பின "விடாமுயற்சி" வீடியோ. பின்னால் வயலின் சத்தம், முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் நீந்துறா.

அந்தப் பெண்ணின் கதையும் உண்மைக் கதைதான். புளோரன்ஸ் சாட்விக். 1952 யூலை 4 அன்று கலிபோர்னியாக் கரைக்கு முன்னால் இருக்கிற கற்றலினா தீவில் இருந்து நீந்தத் தொடங்கினார். ஒரே மூடுபனி. 15 மணித்தியாலத்துக்கு மேல் நீந்தியபிறகு, இனி ஏலாது எண்டு படகில் ஏறிவிட்டார். ஏறினபிறகுதான் தெரிந்தது, கரைக்கு ஒரு மைல் அளவுதான் மிச்சம். கரை கண்ணில் பட்டிருந்தால் நீந்தி முடித்திருப்பேன் என்பது அவருடைய ஆதங்கம். இரண்டு மாதம் கழித்து, அதே ஆண்டு செப்ரெம்பரில் திரும்ப இறங்கி முடித்தும் காட்டினார்.

வீடியோ சொன்ன பாடம்: இலக்கைக் கண்முன்னால் வைத்திரு. நல்ல பாடம்தான். ஆனால் பாலத்தில் நிண்டு வடக்குப் பக்கம் பார்த்தால் எனக்குத் தண்ணியைத் தவிர ஒண்டும் தெரியவில்லை. இலக்கே தெரியாதவன் என்ன செய்யிறது?

பிறகு ஒரு நாள் நவரத்தினசாமியைப் பற்றி வாசித்தபோது இந்தக் கேள்விதான் திரும்ப வந்தது. ஏனெண்டால் அவர் நீந்தினது கரை தெரியாத கடலில்.

கடலின் கணக்கு

பாக்குநீரிணைக்குப் பெயர் வந்தது றொபேட் பாக் என்ற மதராஸ் ஆளுநரால். 18ஆம் நூற்றாண்டு ஆள். பெயர் வெள்ளைக்காரனுடையது எண்டாலும் கடல் எங்கட முற்றம். ஆழம் குறைந்த கடல், ஆனால் ஆழம் குறைவு எண்டதுக்காக அமைதியான கடல் எண்டு நினைக்கக்கூடாது. கடற்கரையில் வளர்ந்தவைக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் தை, மாசி வரை வாடைக்காற்று. வைகாசிக்குப் பிறகு சோழகம். இரண்டுக்கும் இடையில் பங்குனி, சித்திரையில்தான் கடல் கொஞ்சம் மூச்சு விடும். நவரத்தினசாமி மார்ச்சில் இறங்கினதும், பிறகு மிகிர் சென் ஏப்ரலில் இறங்கினதும் தற்செயல் இல்லை. நெஞ்சுறுதி இருக்கு எண்டு மார்கழியில் குதிச்சால் அது வீரம் இல்லை. எந்த மாதம் இறங்கிறது எண்டு தெரிஞ்சிருக்கிறதும் உறுதியின் ஒரு பகுதி.

இப்ப தூரத்தைப் பாருங்கோ. வல்வெட்டித்துறையில் இருந்து கோடிக்கரை நேர்கோட்டிலேயே 50 கிலோமீற்றருக்கு மேல். ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் 33 கிலோமீற்றர் அளவு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30. ஆகவே எங்கட பக்கத்துப் பாதைதான் நீளம். அதிலும் நீரோட்டம் ஒருத்தரையும் நேர்கோட்டில் போக விடாது.

இந்தத் தூரத்தை 27 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் சொச்சம் வரும். சந்நிதிக்கு நேத்தி வைத்து மெதுவாக நடக்கிற கிழவியும் அதைவிட வேகமாக நடப்பா. நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேரம்.

இன்னொரு கணக்கு. நீந்துகிறவரின் கண் தண்ணிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். பூமி உருண்டை எண்டபடியால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் கடல்மட்டத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான் தெரியும். யாழ்ப்பாணக் கரையும் தட்டை, கோடிக்கரையும் தட்டை. மலை கிடையாது. ஆகவே வெளிக்கிட்ட கரை கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், போகிற கரை கடைசி நேரம் வரை தெரியாது. நடுவில் கிடக்கிற அவ்வளவு நேரமும் வட்டமான தண்ணிக்குள் ஒரு தலை.

மூன்றாவது கணக்குத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மார்ச் கடைசியில் பகலும் இரவும் சமம், பன்னிரண்டு பன்னிரண்டு. எத்தனை மணிக்கு இறங்கினாலும் 27 மணித்தியாலத்துக்குள் ஒரு முழு இரவின் இருட்டு வந்தே தீரும். அதில் இருந்து ஒருத்தரும் தப்பேலாது. விடியப்புறம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடம்பு தன் அடிமட்டத்துக்கு இறங்கும். உடல்வெப்பம் குறையும், நித்திரை இழுக்கும், மனம் இல்லாததெல்லாம் காட்டும். இரவு வேலை செய்கிற தாதிமாரைக் கேளுங்கோ, லொறி ஓட்டுகிறவரைக் கேளுங்கோ. நீள நீச்சல்காரருக்கு இதோடு உப்பும் சேரும். நாக்கு தடிக்கும், கக்கமும் கழுத்தும் உரசி உரசித் தோல் கழரும், சொறிமீன் சுடும். அந்த நேரத்தில் கரையைப் பற்றி நினைக்கிறதில் பிரயோசனம் இல்லை. அடுத்த கை. அதுக்கு அடுத்த கை.

இதில் படகை மறக்கக்கூடாது. நீள நீச்சலில் கூட ஒரு படகு வரும். திசை பார்க்கிறது அதில் இருக்கிற ஆக்கள். சாப்பாடு நீட்டுகிறது அவை. நீந்துகிறவர் படகைத் தொட்டால் நீச்சல் முடிந்தது, ஆனால் படகு இல்லாமல் நீச்சலே இல்லை. "தனி மனித மனவலிமை" எண்டு நாங்கள் கைதட்டுகிற ஒவ்வொரு கதையிலும் வெளிச்சம் படாத ஒரு படகும், அதுக்குள்ள நித்திரை முழித்த நாலு பேரும் இருக்கினம்.

வடமராட்சிக்கு அந்த நாலு பேர் எப்பவும் இருந்தவை. இந்தக் கரையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் சேர்த்தவை. நவரத்தினசாமி நீந்துவதற்கு 16 வருசம் முதல். ஒரு ஊருக்குக் கடல் தெரிந்திருந்தால்தான் அந்த ஊரில் ஒருத்தருக்கு இப்படி ஒரு எண்ணமே வரும்.

இரண்டாந்தரம் எடுத்தவர்கள்

வரலாற்றில் இந்த நீச்சல்காரர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலக் கால்வாயை உதவிச் சாதனம் எதுவும் இல்லாமல் முதலில் நீந்திய மத்தியூ வெப், 1875 ஓகஸ்ட் 12 அன்று இறங்கித் தோற்றுப்போனவர். காலநிலை சரிவரவில்லை. 12 நாள் கழித்துத் திரும்ப இறங்கி 21 மணித்தியாலம் 45 நிமிடத்தில் முடித்தார். பிரெஞ்சுக் கரைக்குக் கிட்டப் போனபிறகும் நீரோட்டம் மணிக்கணக்கில் அவரை உள்ளே விடவில்லை. அந்தக் கால்வாயை நீந்திய முதல் பெண் கேட்ரூட் எடர்லி, 1926இல் வென்றவர், 1925இல் தோற்றவர்.

மிகிர் சென்னின் கதை இன்னும் சுவையானது. வங்காளத்தில் இருந்து சட்டம் படிக்க லண்டன் போன பெடியன். சாட்விக் ஆங்கிலக் கால்வாயை நீந்தின செய்தியை வாசித்துவிட்டு, தானும் நீந்தவேணும் எண்டு ஆசைப்பட்டவர். ஆசைப்பட்ட நேரம் அவருக்கு ஒழுங்கான நீச்சலே தெரியாது. பழகி, இறங்கி, தோற்று, திரும்ப இறங்கி, திரும்பத் தோற்று, கடைசியில் 1958 செப்ரெம்பர் 27 அன்று 14 மணித்தியாலம் 45 நிமிடத்தில் கடந்தார். அதே சென்தான் 1966 ஏப்ரல் 5, 6 திகதிகளில் இலங்கைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் பாக்குநீரிணையைக் கடந்தவர். இந்தியக் கடற்படை துணைக்கு வந்தது. அந்த ஒரே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பொஸ்பரஸ், பனாமாக் கால்வாய் எண்டு மிச்சத்தையும் முடித்தார்.

சென் பெரிய வீரர், அதில் பேச்சில்லை. ஆனால் இணையத்தில் பாக்குநீரிணை எண்டு தேடினால் அவரையே முதல் ஆள் எண்டு எழுதியிருக்கிற இடங்கள் இருக்கு. முதல் இந்தியர் எண்டு எழுதினால் சரி. நவரத்தினசாமி அவருக்கு 12 வருசம் முந்தினவர், நீண்ட பாதையால் போனவர். கப்பல் படையும் செய்திப் படையும் பின்னால் இல்லாதவனின் சாதனை எப்படிக் கரைஞ்சு போகும் எண்டதுக்கு இது ஒரு உதாரணம். அதைக் கரையவிட்டதில் எங்களுக்கும் பங்கு இருக்கு. பத்து வருசம் வரலாறு படித்த எனக்கு அவரை ஒரு பாடமும் சொல்லித் தரவில்லை, நானும் தேடவில்லை.

ஆழிக்குமரன்

நவரத்தினசாமிக்குப் பிறகு வல்வெட்டித்துறையில் இருந்து இன்னொருவர் வந்தார். வி. எஸ். குமார் ஆனந்தன். 1943இல் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். 1963இல் வல்வெட்டித்துறையில் இருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். 1971இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கே இருந்து திரும்பித் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். இரண்டு நாளுக்கு மேல். அந்தக் கரையில் கால் வைத்தவுடன் எந்த மனிதனுக்கும் "போதும்" எண்டு தோன்றியிருக்கும். அவர் திரும்பித் தண்ணிக்குள் இறங்கினார்.

அதோடு நிற்கவில்லை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் சைக்கிள் ஓடினார். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நிண்டார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. இதையெல்லாம் வாசிக்கும்போது "ஏன் இந்த மனுசன் இப்படி?" எண்டு கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. களைப்பு எங்கே முடிகிறது எண்டு அளந்து பார்க்கிற ஆசை சிலருக்கு இருக்கும் போல.

1984 ஓகஸ்ட் 6. ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

இந்த இடத்தைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஊக்கப் பேச்சு வீடியோக்கள் இந்த இடத்தை வெட்டிவிடும். மத்தியூ வெப்பும் 1883இல் நயாகராவின் சுழிகளை நீந்தப் போய்த்தான் செத்தார், அந்தப் பாதியையும் சொல்லமாட்டார்கள். "விடாதே, விடாதே" எண்டு மட்டும் சொல்கிறது அரைவாசிக் கதை. அவர்கள் ஏன் நிறுத்தவில்லை எண்டு தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் சாட்விக் படகில் ஏறினதையும் நான் இப்ப தோல்வி எண்டு பார்க்கிறதில்லை. அவ ஏறினபடியால்தான் இரண்டு மாதம் கழித்து நீந்த ஒரு ஆள் மிச்சம் இருந்தா. விடாமுயற்சி வேறு, நிறுத்தாமல் இருப்பது வேறு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

எங்கட ஆக்களுக்கு இது முக்கியம் எண்டு நினைக்கிறன். உடம்பு ஏலாமல் போனாலும் படி, மனம் உடைஞ்சாலும் வெளியில் காட்டாதே எண்டு வளர்த்த தலைமுறை நாங்கள். களைப்பைச் சொல்லுறதே வெட்கம். சொல்லாமல் தனியக் கிடந்து தாண்டுபோன பெடியள், பெட்டையள் எங்கட ஊர்களில் இருக்கினம். அவைக்குக் குறைந்தது மனவலிமை இல்லை. பக்கத்தில் ஒரு படகு இல்லை, அவ்வளவுதான்.

கடல் மூடிய காலம்

ஆனந்தன் இறந்த வருசம் இந்தக் கடலே வேறு கடலாகிக்கொண்டிருந்தது. 1983 யூலைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான சனம் படகுகளில் ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் ஏறினவை. நவரத்தினசாமி சாதனைக்காகக் கடந்த நீரிணையை அவை உயிருக்காகக் கடந்தவை. அவைக்குத் துணைப் படகு கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. பிறகு மீன்பிடித் தடை, கடற்படை, உயர்பாதுகாப்பு வலயம். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து கடலில் கால் நனைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் எண்டு ஒரு தலைமுறையே வந்தது. ஒரு ஊர் தன் கடலை இழந்தால் அந்தக் கடலில் நடந்ததையும் மறந்துபோகும். நவரத்தினசாமியின் பெயர் மங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

2021 ஏப்ரலில் றொஷான் அபேசுந்தர என்ற இலங்கை விமானப்படை வீரர் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்ப நீந்தி வந்தார். 28 மணித்தியாலம் 19 நிமிடம். ஆனந்தனின் 51 மணித்தியாலச் சாதனை சரியாக 50 வருசம் நிண்டு அப்போதுதான் விழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயது இந்தியச் சிறுமி, ஓட்டிசம் உள்ளவர், தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். கடல் திரும்பவும் மனிதர்களுக்கு வழிவிடத் தொடங்கியிருக்கு.

எனக்கு நடந்ததைக் கேட்டால் பெரிதாக ஒண்டும் இல்லை. இரண்டாந்தரம் எடுத்தன். கனவு கண்ட துறை கிடைக்கவில்லை, வேறு ஒரு துறை கிடைத்தது. ஆனால் அந்த வருசத்தில் ஒரு விசயம் மாறினது. பெறுபேறு வாற நாளைக் கண்முன்னால் வைத்துப் படிக்கிறதை விட்டிட்டன். அது என்னைப் பயப்படுத்தினதுதான் மிச்சம். இண்டைக்கு ஒரு அலகு, நாளைக்கு ஒரு பேப்பர். ஏலாமல் வந்த இரவுகளில் தோழன் ஒருத்தனுக்குப் போன் எடுத்து "ஏலாதடா" எண்டு வாய் திறந்து சொன்னன். அவனும் "எனக்கும்தான்ரா" எண்டான். அதுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் படிச்சம்.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் இப்பவும் இடைக்கிடை போய் நிற்கிறனான். தடுப்பணைப் பக்கம் வலை வீசுகிறவை, சந்நிதியில் இருந்து வருகிற மணிச்சத்தம், எதுவும் மாறவில்லை. வடக்கே பார்த்தால் இண்டைக்கும் கோடிக்கரை தெரியாது. அங்கே ஒரு கரை இருக்கு எண்டது மட்டும் தெரியும். இந்த ஊரில் இருந்து போன ஒரு நாற்பது வயது மனுசன், ஒரு முழு இரவு நீந்தி, அதில் ஏறியிருக்கிறார்.